ஆட்டிசக் குடும்பங்கள் சேர்ந்து போகும் கப்பல் பயணம்: முதல் கூட்டத்திலிருந்து இறங்கும் காலை வரை

ஆட்டிசம் உள்ள பிள்ளையை வைத்துக்கொண்டு நாலு நாள் வெளியூர் போய் வருவதே பெரிய காரியம். ஏழெட்டுக் குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு கப்பலில் ஏறுவது அதைவிடக் கொஞ்சம் பெரிய காரியம். நான் மூன்று முறை இப்படி ஒரு குழுவோடு போயிருக்கிறேன். முதல் முறை செய்த தப்புகளை இரண்டாவது முறை செய்யவில்லை. இரண்டாவது முறை வேறு தப்புகள்.

புதிதாக ஏற்பாடு செய்கிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது வரிசையில்தான். சலுகை விலை முடியப்போகிறதே என்று டிக்கெட்டை முதலில் வாங்கிவிடுகிறார்கள். பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று அப்புறம் யோசிக்கிறார்கள். அதற்குள் நல்ல கேபின்கள் போயிருக்கும், படிவத்துக்கான கெடுவும் போயிருக்கும். அதனால் இங்கே எல்லாவற்றையும் செய்ய வேண்டிய வரிசையிலேயே தருகிறேன்.

1. கப்பலுக்கு முன்னால் குழு

பயணத்துக்கு ஒன்பது, பத்து மாதம் முன்பே முதல் கூட்டத்தை வைத்துவிடுங்கள். எட்டிலிருந்து பத்துக் குடும்பம் சரியான அளவு. பல கப்பல் நிறுவனங்கள் 8 கேபின்கள், அதாவது 16 பயணிகள் சேர்ந்தால்தான் குழு முன்பதிவாக எடுத்துக்கொள்கின்றன. பத்தைத் தாண்டினால் சாப்பாட்டுக் கூடத்தில் பக்கத்துப் பக்கத்து மேசைகள் கிடைப்பதே கஷ்டம்.

16 பேர் முழுக் கட்டணம் செலுத்தினால் ஒருவருடைய கட்டணத்தைக் குழுவுக்கு விட்டுக்கொடுப்பது பல நிறுவனங்களில் வழக்கம். அந்தத் தொகையைக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரித்தால் யாருக்கும் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பழக்கமான சிறப்பு ஆசிரியர் அல்லது உதவியாளர் ஒருவரை அதில் அழைத்துப் போங்கள். அந்த ஓர் ஆளின் அருமை மூன்றாம் நாள்தான் தெரியும்.

அடுத்து, ஒவ்வொரு குடும்பமும் பிள்ளையைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். எந்தச் சத்தம் ஆகாது, எது அமைதிப்படுத்தும், தூக்கம் எப்படி, என்னென்ன சாப்பிடுவான், கழிப்பறைப் பழக்கம், கையை உதறிக்கொண்டு ஓடுவானா, தண்ணீரைப் பார்த்தால் என்ன செய்வான், தனக்கு வேண்டியதை எப்படித் தெரியப்படுத்துவான். முக்கியமாக, மெல்ட்டவுன், அதாவது சத்தமோ நெரிசலோ தாங்க முடியாமல் பிள்ளை தன் கட்டுப்பாட்டை இழந்துவிடும் நிலை வந்தால் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது.

இந்தப் பக்கத்தைப் பெற்றோர் உண்மையாக எழுதமாட்டார்கள். குற்றமாகச் சொல்லவில்லை. முழுதாகச் சொன்னால் குழுவில் சேர்க்கமாட்டார்களோ என்ற பயம்தான் காரணம். எத்தனையோ இடங்களில் அப்படி நடந்தும் இருக்கிறது. என் முதல் பயணத்தில் ஒரு குடும்பம் ‘ஓடுவானா’ என்ற கேள்வியைக் காலியாக விட்டிருந்தது. நானும் திருப்பிக் கேட்கவில்லை. இப்போது என் மகனுடைய பக்கத்தை, இரவில் படுக்கையை நனைப்பது முதல் கடிப்பது வரை எழுதி, முதலில் நானே எல்லோருக்கும் அனுப்பிவிடுகிறேன். அதற்கப்புறம் வரும் பக்கங்களில் பொய் குறைவாக இருக்கிறது.

முதல் கூட்டத்திலேயே இன்னொன்றையும் பேசி முடியுங்கள்: என்னவெல்லாம் சேர்ந்து செய்யப்போவதில்லை. ஒரு நாளைக்கு ஒரு வேளைச் சாப்பாடு மட்டும் சேர்ந்து, அதுவும் முடிந்தவர்கள் மட்டும் என்று வைத்தால் போதும். முழு நேரமும் கூட்டமாகச் சுற்றினால் எட்டுப் பிள்ளைகளும் ஒருவர் சத்தத்தில் இன்னொருவர் கலங்கிக்கொண்டே இருப்பார்கள்.

ஏற்பாட்டாளருக்கு ஒரு மாற்று ஆளும் வேண்டும். ஏற்பாட்டாளருக்கும் ஒரு பிள்ளை இருக்கிறது, அந்தப் பிள்ளைக்கும் ஒரு கெட்ட நாள் வரும்.

பிள்ளைக்கு ஒரு நிமிடம்கூட விலகாத கவனிப்பு தேவை, உங்கள் குழுவில் அனுபவமுள்ள ஆளும் இல்லை என்றால், முதல் பயணத்தை நீங்களே ஏற்பாடு செய்யாமலிருப்பது நல்லது. அமெரிக்காவில் ‘ஆட்டிசம் ஆன் தி சீஸ்’ போன்ற அமைப்புகள், வழக்கமான கப்பல் பயணங்களிலேயே பயிற்சி பெற்ற உதவியாளர்களோடு குழுக்களை அழைத்துப் போகின்றன. ஒருமுறை அப்படிப் போய்ப் பார்த்துவிட்டு, அப்புறம் சொந்தமாகச் செய்யலாம்.

2. கப்பலும் பாதையும்

எல்லோரும் முதலில் எந்தெந்த ஊர் என்று பார்க்கிறார்கள். நீங்கள் கடல் நாட்களைப் பாருங்கள். ஏறிய மறுநாள் எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் கடலிலேயே போகும் பாதை நல்லது. அந்த ஒரு நாளில் பிள்ளை கப்பலைக் கற்றுக்கொண்டுவிடும். ஏறிய மறுநாள் காலையிலேயே ஊரில் இறக்கினால், இரண்டு புது இடங்களை ஒரே நேரத்தில் தலையில் ஏற்றுகிறீர்கள்.

இரண்டு, மூன்று இரவுப் பயணங்கள் முதல் தடவைக்குப் பொருத்தம் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குறுகிய பயணங்களில் கொண்டாட்டக் கூட்டம் அதிகம், நள்ளிரவு வரை இசை. பிள்ளை பழகுவதற்குள் இறங்கும் நாளும் வந்துவிடும். ஐந்து இரவு வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய கப்பலில் கூட்டம் அதிகம். ஆனால் ஆட்டம் குறைவு, ஒதுங்க இடம் அதிகம், குழந்தைகளுக்கான கிளப்பும் இருக்கும். சின்னக் கப்பலில் இதெல்லாம் தலைகீழ். 4,000 பேர் இருக்கும் கப்பலிலும் காலை ஏழு மணிக்கு நூலகத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். அதனால் நான் பெரியதையே எடுப்பேன்.

கரையோடு ஒட்டி நிற்கும் துறைமுகமா, நடுக்கடலில் நிறுத்திச் சிறு படகில் கொண்டுபோய் விடுவார்களா என்பதையும் கேளுங்கள். படகு என்றால் காத்திருப்பு, நெரிசல், ஆட்டம், டீசல் வாடை. இடையில் பிள்ளை முடியவில்லை என்றால் நினைத்த நேரத்தில் திரும்பவும் முடியாது.

3. கேபினைக் குறிப்பிட்டுப் பதிவு செய்வது

‘நிறுவனமே ஒதுக்கும்’ என்ற மலிவான வகையை எடுக்காதீர்கள். வரைபடத்தைப் பார்த்து, எண் சொல்லிப் பதிவு செய்யுங்கள். கப்பலின் நடுப்பகுதி, கீழ்த் தளங்கள், மேலேயும் கீழேயும் கேபின்களே இருக்கும் தளம் என்றால் ஆட்டமும் குறைவு, சத்தமும் குறைவு. வரைபடத்தில் வெள்ளையாக, பெயரில்லாமல் விட்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் எடுக்காதீர்கள். அது பெரும்பாலும் பணியாளர்கள் வண்டி உருட்டிப் போகும் வழியாகவோ சமையலறைப் பகுதியாகவோ இருக்கும்.

ஒரே குடும்பத்துக்கு இரண்டு கேபின் என்றால் ‘நடுவில் உள்கதவு உண்டா’ என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். எங்களுக்கு முன்பதிவு செய்து கொடுத்த ஒரு முகவர் ‘பக்கத்து அறைகள்தான், கவலையே வேண்டாம்’ என்றார். பக்கத்தில்தான் இருந்தன, உள்கதவுதான் இல்லை. அந்த அறைகளில் இருந்த குடும்பத்தின் அம்மா ஐந்து இரவும் நடைவழியில் அங்கும் இங்கும் போய்க்கொண்டிருந்தார்.

பால்கனி வேண்டுமா என்பதில் வீட்டுக்கு வீடு சண்டை வரும். ஏறும் பழக்கமுள்ள பிள்ளை என்றால் வேண்டாம். திறக்காத பெரிய ஜன்னல் உள்ள கேபின் போதும். பால்கனி எடுத்தே தீர வேண்டுமென்றால் கதவின் மேல்பக்கம் தனித் தாழ் உண்டா என்று கேளுங்கள், நாற்காலிகளை உள்ளே எடுத்துவிடச் சொல்லுங்கள். ஜன்னலே இல்லாத உள் கேபின், வெளிச்சம் ஆகாத பிள்ளைகளுக்கு நன்றாகத் தூக்கம் தரும். ஆனால் விளக்கை அணைத்தால் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. சின்ன இரவு விளக்கு ஒன்று எடுத்துப் போக வேண்டும்.

கேபின் கதவை உள்ளிருந்து கைப்பிடியைத் திருப்பினால் திறந்துவிடும். தீப்பிடித்தால் வெளியேற அப்படித்தான் இருந்தாக வேண்டும். ஓடும் பிள்ளைக்கும் அது அப்படியே திறக்கும் என்பதால், பேட்டரியில் ஓடும் சிறிய கதவு மணி ஒன்றை இப்போதே பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள்.

4. சிறப்புத் தேவைப் படிவம்

குழு சார்பாக ஒரு கடிதம் அனுப்பினால் போதும் என்று நினைப்பது பொதுவான தவறு. கப்பலில் தகவல் ஒவ்வொரு முன்பதிவு எண்ணோடும் ஒட்டியிருக்கும். அதனால் குடும்பத்துக்கு ஒரு படிவம் போக வேண்டும். குறைந்தது 30 நாள் முன்னதாகக் கேட்பார்கள், சில உதவிகளுக்கு 60 நாள். முதல் தவணை கட்டிய வாரமே அனுப்பிவிடுங்கள்.

பொதுவாக இவற்றைக் கேட்கலாம்: வரிசையில் நிற்காமல் ஏறவும் இறங்கவும் முன்னுரிமை, சாப்பாட்டுக் கூடத்தில் சுவரோரம் அல்லது வாசலருகே மேசை, குழந்தைகள் கிளப்பில் வயதைப் பார்க்காமல் திறனைப் பார்த்துச் சேர்ப்பது, மருந்துக்குக் குளிர்பெட்டி, பாதுகாப்புப் பயிற்சிக்கு அமைதியான இடம்.

பதிலை எழுத்தில் வாங்கி, அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு மின்னஞ்சலில் சரி என்றவர் வேறு, துறைமுக வாசலில் நிற்பவர் வேறு. அந்தத் தாள் இல்லாமல் பதினைந்து நிமிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, பிள்ளையின் பொறுமை அங்கேயே தீர்ந்துவிடும்.

5. பணம், காப்பீடு, மருந்து

மீதிப் பணம் கட்டும் கெடு பொதுவாகப் பயணத்துக்கு 75 முதல் 120 நாள் முன்னால் வரும். அதற்கப்புறம் ரத்து செய்தால் நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடும். குழுவில் யார் தயங்குகிறார்கள் என்பதை அந்தக் கெடுவுக்கு இரண்டு வாரம் முன்பே மனம்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

காப்பீடு எடுக்கும்போது ஆட்டிசத்தையும், வலிப்பு போன்றவை இருந்தால் அவற்றையும் எழுதியே ஆக வேண்டும். மறைத்தால் கோரிக்கையை நிராகரிக்க அதுவே காரணமாகிவிடும். நடுக்கடலிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவையும் காப்பீடு ஏற்குமா என்று பாருங்கள்.

மருந்துகள் மூல உறையில், மருத்துவர் சீட்டோடு, கைப்பையில் இருக்க வேண்டும். பயண நாட்களுக்கு மேல் மூன்று நாளுக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். கவனக் குறைபாட்டுக்குக் கொடுக்கும் சில மருந்துகள் சில நாடுகளில் தடை. உதாரணமாக, ஆம்ஃபெட்டமின் கலந்தவற்றை ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. நம் நாட்டில் கடையிலேயே கிடைக்கும் தூக்க மாத்திரை இன்னொரு நாட்டில் சீட்டு கேட்கும். பாதையில் வரும் ஒவ்வொரு நாட்டுக்கும் பார்த்துவிடுங்கள்.

கப்பல் குமட்டலுக்கான மாத்திரை வேறு விஷயம். வழக்கமான மருந்துகளோடு ஒத்துப்போகுமா என்று மருத்துவரிடம் கேட்டு, அவர் சரி என்றால் வீட்டிலேயே ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். தூக்கம் வரவேண்டிய மாத்திரை சில பிள்ளைகளைத் துள்ள வைத்துவிடும். அது வீட்டிலேயே தெரிந்துவிடுவது மேல்.

ஒரு பெற்றோர் மட்டும் பிள்ளையோடு வந்தால் மற்றவரின் ஒப்புதல் கடிதம் கையில் இருக்கட்டும். கடவுச்சீட்டுக்குப் பயணம் முடிந்த பிறகும் ஆறு மாதம் செல்லுபடி இருக்க வேண்டும்.

6. வீட்டில் ஒத்திகை

ஆறு வாரம் முன்னால் தொடங்குங்கள். படங்களோடு ஒரு சிறிய கதைப் புத்தகம் செய்யுங்கள். வீட்டிலிருந்து கிளம்புவது, வரிசை, பையைச் சோதிக்கும் இயந்திரம், புகைப்படம், கப்பலுக்குள் ஏறும் பாலம், கேபின், படுக்கை, சாப்பாடு, இறங்குவது, மறுபடி வீடு. கடைசிப் பக்கத்தில் கண்டிப்பாக வீடு வர வேண்டும். அது இல்லாத புத்தகத்தைப் படித்த பிள்ளை, இனிமேல் இங்கேதான் இருக்கப்போகிறோமா என்று பயந்துபோகும்.

நிறுவனத்தின் விளம்பரப் படங்களை விட, அதே கப்பலில் போனவர்கள் எடுத்த வீடியோவிலிருந்து படம் எடுங்கள். விளம்பரத்தில் நீச்சல் குளம் காலியாக இருக்கும்.

உறுதிமொழி எதையும் எழுதாதீர்கள். ‘டால்பின் பார்ப்போம்’ என்று எழுதினால் டால்பின் வந்தாக வேண்டும். காற்று பலமாக இருந்தால் கப்பல் ஒரு ஊரில் நிற்காமலே போய்விடும். அதனால் ‘ஒருவேளை’ என்று ஒரு படம் வைத்துக்கொண்டு, வீட்டிலேயே அந்தச் சொல்லைப் பழக்குங்கள்.

கதையோடு நிறுத்தாமல் உடம்புக்கும் பழக்க வேண்டியவை சில உண்டு. உயிர்காப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் உட்காருவது, கையில் அடையாளப் பட்டை கட்டிக்கொண்டு தூங்குவது, குறுகலான கட்டிலில் படுப்பது.

அப்புறம் கழிப்பறை. கப்பலின் கழிப்பறை காற்றால் உறிஞ்சி இழுக்கும். பொத்தானை அழுத்தினால் ஒரு நொடி ஒன்றும் நடக்காது, அடுத்த நொடி ‘டப்’பென்று வெடிப்பதுபோல ஒரு சத்தம். இரண்டாவது பயணத்தில் ஒரு பையன் முதல் தடவை அதைக் கேட்டபின் இரண்டு நாள் கேபின் கழிப்பறைக்குள் கால் வைக்கவில்லை. கடைசியில் அவன் அப்பா பொத்தான்மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி, ‘இது அப்பாவோட வேலை’ என்றார். பையன் வேலையை முடித்து, வெளியே வந்து, கதவைச் சாத்தி, காதை மூடிக்கொண்டு தலையாட்டிய பிறகுதான் அப்பா உள்ளே போய் அழுத்துவார். இப்போது எல்லாக் குடும்பங்களுக்கும் அந்தச் சத்தத்தை முன்கூட்டியே அனுப்பிவிடுகிறேன். சின்ன ஒலியில் தொடங்கி, வாரத்துக்கு வாரம் கூட்டிக் கேட்க வையுங்கள்.

7. பையில் என்ன

பெரிய பெட்டிகளைத் துறைமுகத்தில் வாங்கிக்கொள்வார்கள். அவை கேபினுக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகும். முதல் ஆறேழு மணி நேரத்துக்கு வேண்டிய எல்லாமே கைப்பையில் இருக்க வேண்டும்: மருந்து, மாற்றுடை, சத்தம் அடைக்கும் ஹெட்ஃபோன், பிடித்த தின்பண்டம், தலையணை உறை, பேச உதவும் டேப்லெட். டேப்லெட் இணையம் இல்லாமலும் வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். அச்சடித்த படப் பலகையும் ஒன்று வேண்டும். டேப்லெட் தண்ணீரில் விழுந்தால் பிள்ளையின் குரலும் அதோடு போய்விடும்.

பெரும்பாலான கப்பல்களில் கேபின் சுவர் உலோகம், காந்தம் நன்றாக ஒட்டும். இருபது காந்தம் எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைய நிகழ்ச்சிப் படங்களைக் கட்டிலுக்கு நேரே வரிசையாக ஒட்டி, முடிந்ததை ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம். கதவின் வெளிப்பக்கம் சிறிய வெள்ளைப் பலகை ஒன்றை மாட்டி, யார் எங்கே என்று எழுதலாம். நடுக்கடலில் இணையம் வரும் போகும், இரும்புச் சுவர்களுக்குள் வாக்கி டாக்கியும் விட்டுவிட்டுத்தான் கேட்கும். எங்கள் குழுவில் கடைசிவரை வேலை செய்தது அந்தப் பலகைதான்.

மின்கெண்டி, இஸ்திரிப் பெட்டி, மெழுகுவர்த்தி, மின்னழுத்தத் தடுப்பு உள்ள நீட்டிப்புப் பலகை ஆகியவற்றைச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். வீட்டில் செய்த பண்டமும் பல இடங்களில் ஆகாது, கடையில் வாங்கிப் பிரிக்காத பொட்டலம் என்றால் விடுவார்கள். ஒரே பிராண்டு பிஸ்கட்டைத் தவிர வேறெதையும் தொடாத பிள்ளைக்கு இது பெரிய விஷயம். நாளைக்கு இத்தனை என்று எண்ணி எடுத்து வையுங்கள்.

8. ஏறும் நாள்

என்னைக் கேட்டால் முழுப் பயணமும் இந்த ஒரு நாளில்தான் இருக்கிறது. முதல் இரவு பிள்ளை தூங்கிவிட்டால் மீதி நாட்கள் எப்படியோ நடந்துவிடும்.

முன்னுரிமை கிடைத்ததும் எல்லோரும் காலையிலேயே ஏறப் பார்க்கிறார்கள். அங்கேதான் தப்பு. கேபின்கள் பெரும்பாலும் பகல் ஒரு மணிக்கு மேல்தான் திறக்கும். பதினொரு மணிக்கு ஏறினால் இரண்டு மணி நேரம் கைப்பையும் பிள்ளையுமாக உணவுக்கூட நெரிசலில் நிற்க வேண்டும். வெளியே சாப்பிட்டுவிட்டு, ஏறிய உடனே கேபினுக்குள் நுழைய முடிகிற நேரமாகப் பார்த்து நுழைவு நேரத்தைப் பதிவு செய்யுங்கள். வரிசையைத் தவிர்க்கத்தான் முன்னுரிமை, சீக்கிரம் ஏறுவதற்கு இல்லை.

பையைச் சோதிக்கும் இயந்திரத்துக்குள் பிடித்த பொம்மையும் போகும். ‘பொம்மை சுரங்கத்துக்குள் போய் அந்தப் பக்கம் வரும்’ என்று முன்பே சொல்லி, ஒரு பெரியவர் அந்தப் பக்கம் போய் நின்று அது வெளியே வரும்போது பிள்ளைக்குக் கையில் தூக்கிக் காட்டட்டும். அடையாள அட்டைக்குப் புகைப்படம் எடுப்பார்கள், ஃபிளாஷ் வேண்டாம் என்று சொல்லலாம். அதைத் தாண்டியதும் நினைவுப் படம் எடுக்க இன்னொருவர் வழிமறிப்பார். அவருக்குத் தலையசைத்துவிட்டு நிற்காமல் நடங்கள்.

பாலமும் கப்பலும் சேரும் இடத்தில் ஓர் இரும்புத் தகடு, அதன் ஓரத்தில் நாலு விரல் இடைவெளி, கீழே பச்சைத் தண்ணீர் தெரியும். பெரியவர்கள் யாரும் கவனிக்கமாட்டார்கள். என் மகன் அங்கே நின்றுவிட்டான். பின்னால் நூறு பேர். கையைப் பிடித்து இழுக்காமல், நான் தகட்டுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து, அவனுடைய நீலச் செருப்பில் ஒன்றைக் கழற்றி என் பக்கம் வைத்தேன். செருப்பை எடுக்க வந்தவன் உள்ளே வந்துவிட்டான். அந்தத் தகட்டின் படம் இப்போது எங்கள் கதைப் புத்தகத்தில் தனிப் பக்கம்.

கேபினுக்குள் போனதும் கப்பலைச் சுற்றிக்காட்டக் கிளம்பாதீர்கள். ஒரு மணி நேரம் உள்ளேயே இருக்கட்டும். இழுப்பறைகளைத் திறந்து மூடட்டும், திரைச்சீலைக்குள் போய் நிற்கட்டும். அப்புறம் ஒரே ஒரு வழியை மட்டும் பழக்குங்கள்: கேபினிலிருந்து சாப்பாட்டு இடம், அங்கிருந்து கேபின். கதவில் பிள்ளைக்குத் தெரிந்த படம் ஒன்றை ஒட்டுங்கள். நடைவழியில் நூறு கதவும் ஒரே மாதிரி இருக்கும்.

கிளம்பும்போது கப்பல் சங்கு ஊதும். மேல்தளத்தில் அது நெஞ்சில் அதிரும். அந்த நேரத்தில் கேபினில் ஹெட்ஃபோனோடு இருங்கள். விருப்பமுள்ள பெரியவர்கள் மேலே போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

9. பாதுகாப்புப் பயிற்சி

இதைத் தவிர்க்க வழியில்லை. ‘சோலாஸ்’ என்ற சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தப்படி, கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ புதிய பயணிகள் எல்லோருக்கும் இந்தப் பயிற்சி நடந்தாக வேண்டும். அவசர ஒலி ஏழு குறுகிய ஊதல், ஒரு நீண்ட ஊதல்.

2020-க்குப் பிறகு பல கப்பல்களில் இது எளிதாகிவிட்டது. தொலைபேசியிலோ கேபின் தொலைக்காட்சியிலோ படத்தைப் பார்த்துவிட்டு, அவசரத்தில் நீங்கள் வந்து நிற்க வேண்டிய கூடுமிடத்துக்குப் போய் அட்டையைக் காட்டினால் முடிந்தது. கூட்டம் சேருவதற்கு முன் கேபினுக்குப் போகும் வழியிலேயே இதை முடித்துவிடுங்கள். இன்னும் எல்லோரையும் ஒரே நேரத்தில் கூட்டும் கப்பல் என்றால், படிவத்தில் கேட்ட அமைதியான இடத்தை முன்கூட்டியே நினைவூட்டுங்கள். எப்படியானாலும் அந்த ஒலி ஒலிபெருக்கியில் வரும். எத்தனை மணிக்கு என்று பணியாளரிடம் கேட்டுக்கொண்டு, ஐந்து நிமிடம் முன்பே ஹெட்ஃபோனை மாட்டிவிடுங்கள்.

குழந்தை அளவு உயிர்காப்பு உடுப்பு கேபினில் இருக்கிறதா, கூடுமிடத்திலா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

10. நழுவிப் போனால்

பெரியவர்கள் எல்லோரும் ஏறிய அன்று மாலையே பதினைந்து நிமிடம் கூடுங்கள். பிள்ளைகள் உதவியாளரோடு இருக்கட்டும். ஒவ்வொரு பிள்ளையும் எதை நோக்கி ஓடும் என்பதை அந்தந்தக் குடும்பம் சொல்ல வேண்டும். லிஃப்ட் பொத்தான், ஐஸ்கிரீம் இயந்திரம், தண்ணீர், படிக்கட்டு.

காணவில்லை என்றால் முதல் நிமிடமே பணியாளரிடம் சொல்லிவிட வேண்டும். ‘நாமே தேடிப் பார்க்கலாம்’ என்று பத்து நிமிடத்தை விடுவது தவறு, கப்பலில் இதற்கென்று வகுத்த நடைமுறை இருக்கிறது. அதே நேரத்தில் நீச்சல் குளத்துக்கு இருவர், அந்தப் பிள்ளைக்குப் பிடித்த இடத்துக்கு இருவர், கேபின் கதவில் ஒருவர் என்று பெயர் சொல்லிப் பிரித்து வையுங்கள். தண்ணீரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நழுவிப் போகும் ஆட்டிசப் பிள்ளைகள் உயிரிழப்பதற்கு முதன்மையான காரணம் நீரில் மூழ்குவதுதான்.

அன்றாடம் காலையில் உடை மாற்றியதும் ஒரு படம் எடுங்கள். ‘என்ன நிறச் சட்டை?’ என்று கேட்டால் பதற்றத்தில் யாருக்கும் நினைவு வராது. கையில் பட்டை, அதில் கேபின் எண், ‘பேசமாட்டான்’ என்ற குறிப்பு. கையில் நிற்கவில்லையென்றால் செருப்பில் கட்டுங்கள், சட்டையின் உள்பக்கம் ஒட்டுங்கள்.

11. குளம், கிளப், சாப்பாடு

பல கப்பல்களில் குளத்துக்கு உயிர்காப்பாளர் கிடையாது. பிள்ளைக்கு ஒரு பெரியவர், கை எட்டும் தூரத்தில், கையில் தொலைபேசி இல்லாமல். டயப்பர் போடும் பிள்ளைகளை, நீச்சல் டயப்பராக இருந்தாலும், பெரும்பாலான கப்பல்கள் பொதுக் குளத்தில் விடுவதில்லை. அங்கே போய்த் தெரிந்துகொண்டால் அழுகைதான்.

குழந்தைகள் கிளப்பிலும் கழிப்பறைப் பழக்கம் கேட்பார்கள். சில நிறுவனங்கள் ஆட்டிசப் பிள்ளைகளுக்கு இதைத் தளர்த்துகின்றன. ராயல் கரீபியன் வயதை விட்டுத் திறன்படிச் சேர்க்கவும் ஒப்புக்கொள்கிறது. எதுவானாலும் கிளப் பணியாளர் பிள்ளைக்கென்று தனியாக நிற்கும் உதவியாளர் இல்லை. முதல் நாள் கூட்டம் வருவதற்கு முன் போய், பிள்ளையைப் பற்றி எழுதிய அந்த ஒரு பக்கத்தைக் கையில் கொடுத்து, அரை மணி நேரம் மட்டும் விட்டுப் பாருங்கள்.

சாப்பாட்டுக்கு நேரம் குறித்த இருக்கையை எடுங்கள். தினமும் அதே மேசை, அதே பரிமாறுபவர். இரண்டாம் நாளிலிருந்து நீங்கள் கேட்காமலே உருளைக்கிழங்கைத் தனித் தட்டில் கொண்டுவருவார். கூடத்துக்குள் வர முடியாத நாளில் கேபினுக்கு வரவழைத்துவிடுங்கள், அதில் தோல்வி ஒன்றுமில்லை.

துண்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும். மாலையில் கேபின் பணியாளர் துண்டை யானையாகவோ குரங்காகவோ மடித்துப் படுக்கையில் வைத்துவிட்டுப் போவார். எங்கள் குழுவில் ஒரு சிறுமிக்கு முதல் நாள் வந்த யானைதான் யானை. மறுநாள் குரங்கு வந்தபோது ஒரு மணி நேரம் அழுகை. பணியாளரிடம் சொன்னதும் மீதி எல்லா நாளும் யானையே வந்தது. கேபின் பணியாளரிடம் முதல் நாளே பேசிவிடுங்கள்: எதை இடம் மாற்றக் கூடாது, எத்தனை மணிக்குக் கதவைத் தட்டக் கூடாது. பயணத்தில் உங்களுக்கு மிக உதவப்போகிற ஆள் அவர்தான்.

12. முறை போட்டு ஓய்வு

குழுவாகப் போவதன் உண்மையான பலன் இதுதான். அதனால் இதைத் தாளில் எழுதுங்கள். ‘தேவைப்பட்டால் சொல்லுங்க, பாத்துக்கறோம்’ என்பது வேலைக்கு ஆகாது. எந்த அம்மாவும் தானாகச் சொல்லமாட்டார்.

குடும்பங்களை இரண்டிரண்டாக இணைத்து, ஒவ்வொரு இணைக்கும் தினமும் இரண்டு மணி நேரம் குறியுங்கள். ஒரு குடும்பத்தின் பெற்றோர் போவார்கள், மற்றவர் இரண்டு பிள்ளைகளையும் பார்ப்பார்கள். முதல் தடவை பிள்ளையின் சொந்தக் கேபினிலேயே நடக்கட்டும். போகிறவர்கள் எங்கே இருப்பார்கள் என்பது கதவுப் பலகையில் இருக்க வேண்டும்.

உடன்பிறந்த பிள்ளைகளுக்கும் ஒரு நேரம் குறியுங்கள். வீட்டில் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தே வளரும் பிள்ளை அது. ஒரு சாயங்காலம் அப்பாவோ அம்மாவோ தனக்கு மட்டும் என்று கிடைத்தால், இரவு முழுக்கப் பேசும்.

13. துறைமுக நாட்கள்

எல்லோரும் இறங்கிப் போனதும் கப்பல் காலியாகிவிடும். குளம் உங்களுடையது, லிஃப்ட் உங்களுடையது. ஒரு துறைமுகத்திலாவது இறங்காமல் இருந்து பாருங்கள். காசு கொடுத்துவிட்டு ஊரைப் பார்க்காமலா என்று முனகும் குடும்பங்கள்தான் அடுத்த துறைமுகத்திலும் இறங்கமாட்டோம் என்றன.

இறங்கினால் கூட்டம் குறைந்த பிறகு, ஒரே ஓர் இடம், இரண்டு மணி நேரம். கப்பல் நேரமும் ஊர் நேரமும் வேறாக இருக்கலாம், தொலைபேசி தானாக மாற்றிக்கொள்ளும். கையில் கட்டிய கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக்கொண்டு அதையே நம்புங்கள். நேரம் தாண்டினால் கப்பல் நிற்காது.

கடல் கொந்தளித்தால், சொல்லத் தெரியாத பிள்ளை குமட்டலை வேறு விதமாகக் காட்டும். முகம் வெளுக்கும், கொட்டாவி விடும், சாப்பாட்டைத் தள்ளும், தரையில் படுத்துக்கொள்ளும். இதை அடம் என்று எடுத்துக்கொள்ளாமல், கீழ்த் தளத்தின் நடுப்பகுதிக்கு அழைத்துப் போய்ப் படுக்க வையுங்கள்.

14. இறங்கும் காலை

முந்தைய இரவே பெட்டிகளை நடைவழியில் வைக்கச் சொல்வார்கள். பழக்கமான பொருட்கள் கண்முன்னே மறைவதைப் பார்த்துப் பிள்ளை கலங்கும். உங்கள் பெட்டியை நீங்களே தூக்கிக்கொண்டு இறங்க அனுமதி உண்டு, முடிந்தால் அப்படியே செய்யுங்கள். காலையில் கேபினைச் சீக்கிரம் காலி செய்யச் சொல்வார்கள், எல்லோரும் கூடங்களில் பைகளோடு உட்கார்ந்திருப்பார்கள். முன்னுரிமைத் தாளை மறுபடி எடுங்கள். எந்த நேரத்தில் எந்த வாசல் என்று முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காந்தங்களைச் சுவரிலிருந்து எடுக்கும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். கடைசிப் படம் வீடு.

திரும்பிய மறுநாள் பள்ளியோ தெரபியோ வைக்காதீர்கள். ஒரு வாரத்துக்குள் ஒவ்வொரு குடும்பத்திடமும் அந்த ஒரு பக்கத்தைத் திருத்தி எழுதி வாங்குங்கள். அதைத் தள்ளிப்போட்டால் மறந்துவிடும். முதல் பயணத்தில் காலியாக விட்டிருந்த குடும்பம் இந்த முறை ‘ஓடுவானா’ என்ற இடத்தில் மூன்று வரி எழுதியிருந்தது. கடைசி வரி: ‘லிஃப்ட் பக்கம், மஞ்சள் பொத்தான் இருந்தால் நிற்பான்.’